உங்கள் பொண்ணுக்கு ஒரு வருடக் கெடு

வணக்கம் அண்ணா.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தண்டையார்பேட்டை படிப்பகத்தில் மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க நல்ல கூட்டம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் எப்போதும் அப்படித்தான். உங்கள் முறை வந்ததும் நீங்கள் சொன்னது ஒரே வரி: "சார், பொண்ணு ரேஸ் கார் ஓட்டணுங்குது. நீங்களே நாலு வார்த்தை திட்டி அனுப்புங்க." பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் பொண்ணு சிரிக்கவில்லை. எனக்கும் உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடுங்கள்.

இருபது வருடமாகத் துறைமுகத்திலிருந்து நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு போகிறவர் நீங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மணலி ரோட்டில் வண்டி எப்படி நசுங்கும் என்று பார்த்த கண்ணுக்கு மகள் ஸ்டியரிங் பிடிக்கிறாள் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதோடு பணம், சொந்தக்காரர் பேச்சு, நாளைக்குக் கல்யாணம். இதில் எதையும் நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 'நமக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்' என்றீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வழியாக எத்தனை ட்ரிப் போயிருப்பீர்கள்! இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கேதான் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் அதில்தான் ரேஸ் நடத்தியது. சின்னப் பையனாக என் மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கிறேன். எரிந்த எண்ணெய் வாடை இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகுதான் அது நம் பக்கத்திலிருந்து கைமாறியது. எம்ஆர்எஃப் 1946-ல் பலூன் செய்யும் சின்ன ஷெட்டாகத் தொடங்கியது திருவொற்றியூரில். என்ஃபீல்டு புல்லட் 1955-ல் இந்தியாவில் உருவாகத் தொடங்கியதும் அங்கேதான். லேலண்ட் எண்ணூரில். வண்டி வாசனை நம் ஊருக்குப் புதிது இல்லை அண்ணா. உங்கள் பொண்ணுக்கு அது எங்கிருந்து ஒட்டியது என்று நீங்கள் தேடவே வேண்டாம்; உங்கள் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டது யார்?

சரி, முன்னால் போன பெண்களைப் பார்ப்போம். அவள் போன் முழுக்க அவர்கள் படம்தான் என்றீர்கள். படம் பார்த்தால் போதாது, அவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவர் எலிஷ்கா யுன்கோவா. செக் நாட்டுக்காரர், பேங்கில் வேலை பார்த்தவர். கணவருக்கு முதல் உலகப் போரில் கையில் அடி பட்டு கியர் மாற்றுவது கஷ்டமானதால் இவர் ஸ்டியரிங்குக்கு வந்தார். 1928-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் டார்கா ஃப்ளோரியோ என்ற ரேஸ். ஒரு சுற்றே 108 கிலோமீட்டர், முழுக்க மலைப்பாதை. ஆண்கள் பலத்தை நம்பினார்கள். இவர் முன்கூட்டியே அங்கே போய்த் தங்கி, வளைவு வளைவாகப் பாதையை நடந்து பார்த்து மனப்பாடம் செய்தார். இரண்டாவது சுற்று முடிவில் அவர்தான் முதலிடம். கடைசியில் தண்ணீர் பம்ப் மக்கர் செய்ததால் ஐந்தாவதாக வந்தார். புது ரூட்டில் முதல் லோடு ஏற்றும் முன் பாலம் எவ்வளவு உயரம், எங்கே திருப்ப இடம் இருக்கிறது என்று நீங்கள் விசாரிப்பீர்களே, அதே புத்திதான்.

அதே வருடம் ஜெர்மன் ரேஸில் அவர் கணவர் விபத்தில் இறந்தார். யுன்கோவா அதோடு ரேஸை விட்டுவிட்டார். இதையும் பொண்ணு படிக்கட்டும். மறைத்து வைத்துச் சொல்லும் ஆலோசனை எனக்குத் தெரியாது. இப்போதைய டிராக்கில் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, தலைக்கு மேல் ஹேலோ வளையம், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. ஆனாலும் அடி படாத விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இத்தாலியின் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ், உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்மார் சீண்டியதில் ரோஷப்பட்டு இறங்கியவர். 1958-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் ஓட்டிய முதல் பெண். அவருக்குப் பிறகு லெல்லா லொம்பார்டி. இவர் கதையை நீங்கள் கேட்க வேண்டும். வீட்டில் கறிக்கடை. டெலிவரி வேன் ஓட்டித்தான் கை பழகினார். 1975-ல் ஸ்பெயினில் ஆறாவது இடம் பிடித்தார். ஒரு கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஆட்கள் இறந்ததால் ரேஸைப் பாதியில் நிறுத்தினார்கள், கிடைக்க வேண்டிய ஒரு புள்ளியில் பாதிதான் கொடுத்தார்கள். அந்த அரைப் புள்ளிதான் இன்றுவரை ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் ஒரு பெண் எடுத்த மொத்தக் கணக்கு. திறமை இல்லாமல் இல்லை. அந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதற்குச் சொல்கிறேன்.

இப்போது பணம். போன வாரமே நீங்கள் நேராகக் கேட்டது இதைத்தான்.

நம் பக்கத்து ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாளே, அதை உங்கள் பொண்ணு எனக்கே எடுத்துச் சொன்னாள். "அவளால முடியும்னா?" என்று. பாயிண்ட்தான். ஆனால் கேரம் போர்டு ஒரு தடவை வாங்கினால் வருடக்கணக்கில் கிடக்கும். ரேஸில் ஒவ்வொரு ஞாயிறும் டயர், பெட்ரோல், மெக்கானிக் கூலி, டிராக் வாடகை. இடித்தால் அந்தச் செலவு தனி. மேலே வரும் பிள்ளைகள் பலர் ஏழு எட்டு வயதிலேயே கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் வண்டியில் உட்கார்ந்தவர்கள். அதற்கு அடுத்த படியான ஃபார்முலா 4 கார் ரேஸுக்குக் குறைந்தபட்ச வயது 15. உங்கள் பொண்ணு இப்போதே அந்த வயது. பெண்களுக்கென்று எஃப்1 அகாடமி என்ற ரேஸ் தொடரை 2023-ல் ஃபார்முலா ஒன் நடத்துகிறவர்கள் தொடங்கியபோது ஒரு காருக்கு 1,50,000 யூரோ அவர்களே போட்டார்கள். அதே அளவு பணத்தை ஓட்டுகிறவள் கொண்டுவர வேண்டியிருந்தது. தள்ளுபடி விலையே அது. உங்கள் படிக்காசையும் ட்ரிப் காசையும் சேர்த்து அந்தப் பக்கம் போக முடியாது. போகவும் வேண்டாம்.

சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு அப்பா, பையனுக்காக ஒரு பயிற்சி நிலையத்தில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். 'ஸ்பான்சர் நாங்கள் பிடித்துத் தருவோம்' என்று சொன்னார்களாம். இரண்டு சர்டிபிகேட்டும் ஒரு போட்டோவும் கிடைத்தது. அந்தக் கடனை அவர் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் கதவே இல்லையா என்றால், இருக்கிறது. அது காரை விட பைக் பக்கம் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. கம்பெனிகள் நடத்தும் ஒன்-மேக் போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாடல் வண்டி. டிவிஎஸ் ரேசிங் அப்படிப் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து, தேர்வு நடத்தி ஆள் எடுத்திருக்கிறது. நம் சென்னையின் அலிஷா அப்துல்லா, பைக் சாம்பியன் ஒருவரின் மகள், சின்ன வயதில் கோ-கார்ட்டில் தொடங்கி சூப்பர்பைக், கார் இரண்டிலும் ஓட்டியவர். பெண்களுக்காகவே பயிற்சி அகாடமியும் தொடங்கினார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா என்ற கரடுமுரடான பாதை பைக் ரேஸின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். எதில் இறங்கினாலும் எஃப்எம்எஸ்சிஐ என்ற அமைப்பின் போட்டி லைசென்ஸ் இல்லாமல் நாட்டில் முறையான ரேஸ் கிடையாது. அதைக் கேட்காமல் 'வாம்மா ஓட்டலாம்' என்று எவன் கூப்பிட்டாலும் அது ரேஸ் இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி பையன்கள் பந்தயம் விடுகிறார்கள், உங்களுக்குத் தெரியாததா. பொண்ணு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. வீட்டில் கதவைச் சாத்தினால் பிள்ளைகள் அங்கேதான் போகும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு முடியாத பிள்ளை ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸை நம்பிப் பிழைக்கிற வீடு உங்களுடையது.

இனி நான் சொல்ல வந்தது. பிரான்ஸில் மிஷேல் மூட்டோன் என்று ஒரு பெண். சட்டம் படித்தவர், ராலியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் அப்பா, ரோஜாத் தோட்டம் வைத்திருந்த மனிதர், ஒரு யோசனை சொன்னார்: கார் வாங்கித் தருகிறேன், ஒரு வருடம், அதற்குள் உன்னால் முடியும் என்று காட்டு. காட்டினார். 1981-ல் சான்ரெமோவில் உலக ராலிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். அடுத்த வருடம் உலகச் சாம்பியன் பட்டத்தில் இரண்டாவது இடம்.

கார் வாங்கித் தர உங்களால் முடியாது. கெடு கொடுக்க முடியும்.

உங்கள் பொண்ணு கணக்கில் 81, அறிவியலில் 84. முதல் குரூப்பில் சேருங்கள். மாநகராட்சிப் பள்ளியிலேயே பன்னிரண்டாவது வரை படிக்கட்டும். 'நல்ல ஸ்கூல்' என்று தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதில் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அது தனி. குரோம்பேட்டை எம்ஐடியில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் இருக்கிறது. திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச்சில் மாறினால் காலேஜ் வாசல் பக்கத்திலேயே இறங்கலாம். மார்க் குறைந்தால் பாலிடெக்னிக் டிப்ளமோ, அப்புறம் நேராக இரண்டாம் வருட பி.இ. அதுவும் கௌரவமான வழிதான்.

காலேஜில் சேர்ந்தால் மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் போட்டி உண்டு. கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. அங்கே சொந்தக் காசில் சீட் வாங்காமல் ஸ்டியரிங் பிடிக்கலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவளுக்கு டீமில் மரியாதை அதிகம். ஜேனட் கத்ரி என்ற அமெரிக்கப் பெண் இயற்பியல் படித்து விமான இன்ஜினியராக வேலை பார்த்தவர். 1977-ல், அமெரிக்காவின் பெரிய கார் ரேஸான இண்டியானாபொலிஸ் 500-ல் ஓட்டிய முதல் பெண் அவர்தான்.

ஓட்டாமலே ஜெயிக்கிற வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த லீனா கேட், 24 மணி நேர லெ மான் ரேஸை 2011, 2012, 2014 என்று மூன்று முறை வென்ற ஆடி காரின் ரேஸ் இன்ஜினியர். ஃபார்முலா ஒன்னில் ஹன்னா ஷ்மிட்ஸ் ரெட் புல் டீமுக்கு எந்த லேப்பில் டயர் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறவர். இங்கேயே ஓரகடத்தில் வண்டி சோதிக்கும் பெரிய டிராக்குகள் இருக்கின்றன. அங்கே டெஸ்ட் டிரைவரும் வேண்டும், டெஸ்ட் இன்ஜினியரும் வேண்டும். மாதச் சம்பளம், பிஎஃப். சொந்தக்காரர்களிடம் சொல்லவும் நன்றாக இருக்கும் (அதுவும் ஒரு கணக்குதானே).

அதனால் கெடு இப்படி. பதினோராவது முழுக்க ஒரு வருடம். கணக்கிலும் இயற்பியலிலும் 80-க்குக் கீழே போகக் கூடாது. லீவில் உங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஷெட்டில் ஒரு மாதம், பிரேக் லைனர் மாற்றுவதிலிருந்து. அது பிடிக்காமல் போனால் அங்கேயே தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை, கையில் மிஞ்சினால் மட்டும், கோ-கார்ட் டிராக்கில் பத்து நிமிடம். லேப் டைமை நோட்டில் எழுதி உங்களிடம் காட்ட வேண்டும். ரோட்டில் எவன் வண்டியையும் தொடக் கூடாது. தொட்டால் கெடு அன்றே முடிந்தது. பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ், இருங்காட்டுக்கோட்டையில் கொடி பிடிக்கும் மார்ஷல் வேலைக்குத் தன்னார்வமாகப் பெயர் கொடுக்கலாம். டிராக்குக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், நாம் மூவரும் மறுபடி உட்காருவோம்.

உங்கள் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஒரு வருடம் வீட்டில் யாரும் இதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யக் கூடாது. ஆயா உட்பட.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அவளை உங்கள் கேபினில் ஏற்றி ஒரு ட்ரிப் கூட்டிப் போயிருக்கிறீர்களா? போன வாரம் நீங்கள் வெளியே போன் பேசப் போன நேரத்தில் அவள் என்னிடம் சொன்னது: "நைனா ரிவர்ஸ்ல ட்ரெய்லர மடக்காம எடுக்கும் சார், யார்டுலயே யாருக்கும் அப்படி வராது."

அட்மிஷனுக்கு மார்க்ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது.