மழைக்குப் பின் மொட்டையாக நிற்கும் கன்று: பிடுங்குவதா, பொறுப்பதா?

கேள்வி (தக்கலை வாசகி): கார்த்திகை மழையில் வீட்டைச் சுற்றி நாலு நாள் தண்ணீர் கட்டி நின்றது. தொட்டி ரோஜாக்களும், விளையில் வைத்த இரண்டு மூடு ரம்புட்டானும் இலை கொட்டி மொட்டையாக நிற்கின்றன. "போச்சு, பிடுங்கிட்டு புதுசு வையுங்க" என்கிறார் நர்சரிக்காரர். வாங்கிவிடலாமா?

பதில்: கன்று விற்கிறவரிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்? கொஞ்சம் பொறுங்கள். பனி கொட்டும் ஊர்களில் குளிர் செய்கிற வேலையை நம் பக்கம் தேங்கிய தண்ணீர் செய்கிறது. மண்ணில் காற்றோட்டம் இல்லாமல் வேர் திணற, செடி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். அதற்காகச் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கொப்பின் நுனியில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் ஒரு சாண் கீழே இறங்கிக் கீறுங்கள். பச்சை தென்படும் இடம் வரை காய்ந்ததை வெட்டிவிடலாம். தொட்டிச் செடி என்றால் மண்ணோடு கவிழ்த்து வேரையும் பாருங்கள். வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் கவலையில்லை. இழுத்ததும் தோல் மட்டும் வழுக்கிக் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சி, சாக்கடை வாடையும் அடித்தால் அது அழுகல். அழுகியதை நறுக்கிவிட்டு, அடைபட்ட தொட்டி ஓட்டையைக் குத்தித் திறந்து, செம்மண்ணோடு மணலும் நார்க்கழிவும் கலந்து நட்டு நிழலில் வையுங்கள். உரம் மட்டும் இப்போது வேண்டாம். பாவம் பார்த்து யூரியா போடுவதுதான் பல செடிகளுக்குக் கடைசிச் சடங்கு.

ரம்புட்டானில் கவனிக்க இன்னொன்று உண்டு. ஒட்டுக்கு (வேர்ச்செடியில் நல்ல ரகத்தை ஒட்டிய இடம்) மேலே காய்ந்து, கீழேயிருந்து தளிர் வந்தால் பிழைத்துவிட்டது என்று ஏமாறாதீர்கள். அது விதையில் முளைத்த வேர்ச்செடியின் தளிர். காய்க்காத ஆண் மரமாகவே அது போகலாம், அதுவும் சில வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும். அப்படியானால் நர்சரிக்காரர் சொன்னதே சரி, பிடுங்குங்கள். ஒட்டுக்கு மேலே பச்சை இருந்தால் பங்குனி வரை விட்டுப் பிடியுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): "எந்த ஊரிலும் காய்க்கும்" என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் ஆப்பிள் கன்றுகள் வாங்கினேன். வந்தபோதே வேர் கறுத்திருந்தது, ஒரே வாரத்தில் எல்லாம் பட்டுவிட்டன. செடிகளுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. செடிக்கு விலக்கு ஒன்றும் இல்லை. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் சில நூறு ரூபாய்க் கன்றுக்காக அலைவதற்கு முன் 1915-லேயே முடிக்கப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம், கறுத்த வேரின் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருந்தால் பலம். நட்டு மாதக்கணக்கில் ஆன பிறகு பட்டிருந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

அப்புறம், ஆப்பிள். வழக்கமான ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் வரை குளிர் வேண்டும். குறைந்த குளிர் போதும் என்று விற்கிற ரகங்களுக்கே சில நூறு மணி நேரம் கேட்பார்கள். மார்த்தாண்டத்தில் தை மாத விடியலில்கூட அந்தக் குளிர் எட்டிப் பார்க்காது. இலையை உருவிவிட்டு எப்படியோ பூக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை.

கேள்வி (கருங்கல் வாசகர்): மழை முடிந்ததும் நர்சரிகளில் மலிவாகக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு சுருண்டு பந்தாக இருந்தால் பழைய கன்று, வேண்டாம். அதைத் தவிர்த்தால் வாங்கலாம், ஆனால் வைகாசிக் கடைசி வரை தொட்டியிலேயே வைத்திருங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம். பேச்சிப்பாறை, கன்னியாகுமரி அரசுப் பண்ணைகளிலும் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் "ரம்புட்டான் 2" என்று எழுதும் பில்லோடு திரும்பாதீர்கள். ரகத்தின் பெயரும் "ஒட்டுக்கன்று" என்ற வார்த்தையும் அதில் இருக்கட்டும்.