கடற்கரைப் பக்கத்துத் தனியார் பள்ளிகள் ஏன் முதலில் நிலம் வாங்குகின்றன?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, உச்சிப்புளிப் பக்கம் பள்ளிகள் ஏக்கர் கணக்கில் இடம் வாங்கிப் பெரிய நுழைவாயில் கட்டுகின்றன, ஆய்வகமும் கழிப்பறையும் மட்டும் அப்படியே கிடக்கின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிக் காரணம் விதி. 2004 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபிறகு பள்ளிகளுக்கான இடம், கட்டடக் கெடுபிடி கூடியது. கிராம ஊராட்சி என்றால் குறைந்தது 3 ஏக்கர், பேரூராட்சி என்றால் 1 ஏக்கர் என்பது கணக்கு. சரி, நம் ஊரில் அந்த 3 ஏக்கர் சும்மா கிடைக்குமா? கடலோர ஒழுங்குமுறை விதி உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டர் வரை நீளும், அதற்குள் நினைத்தபடி கட்ட முடியாது, அதைத் தாண்டிப் போனால் உவர்நிலம், போர்வெல் போட்டால் உப்புத்தண்ணீர். குடிக்கக் காவிரித் திட்டத் தண்ணீரையோ லாரியையோ நம்ப வேண்டும்.

மீதிப் பாதி பணம். பள்ளியை நடத்துவது அறக்கட்டளையோ சங்கமோதான், லாபம் பிரிக்க முடியாது, அதனால் மிஞ்சும் பணம் நிலமாகவும் கட்டடமாகவும் மாறுகிறது. 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அரசு அமைத்த குழு கட்டணம் நிர்ணயிக்கும்போது உள்கட்டமைப்பையும் பார்க்கிறது, ஆக கட்டடம் காட்டினால் கட்டணம் கேட்கலாம். நல்ல ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளம் விளம்பரப் பலகையில் தெரியாதே!

சேர்க்கைக்குப் போகும்போது நீச்சல் குளத்தை விடுங்கள். மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தீயணைப்புத் துறைச் சான்று நடப்பில் உள்ளதா, குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, அப்புறம் வேறு பெயரில் என்னென்ன வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். ரசீது தரமாட்டோம் என்றால் வேறு பள்ளி பார்க்கலாம்.