11 புள்ளியா, 39 புள்ளியா?

கேள்வி: மூன்று வயது மகனையும், பரதநாட்டியம் கற்கும் ஒன்பது வயது மகளையும் நல்ல படங்களாக எடுத்து வைக்க ஆசை. கைப்பேசியில் எடுத்தால், மாலையில் வீட்டு விளக்கொளியில் எல்லாம் கலங்கிவிடுகின்றன. ஃபோர்ட் பகுதியில் ஒரு கடையில், உபயோகித்த நிக்கான் டி3500, டி5600 இரண்டையும் 18-55 லென்ஸோடு காட்டினார்கள். டி5600-க்கு எட்டாயிரம் ரூபாய் அதிகம். எதை வாங்கலாம்? எங்களுடையது ஒரு படுக்கையறை கொண்ட சிறிய வீடு.
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: டி3500-ஐ வாங்குங்கள், மிச்சமாகும் எட்டாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு 35 மி.மீ. லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்பதால் காரணத்தையும் விளக்கிவிடுகிறேன்.

2016-ல் வந்த டி5600-க்கும் 2018-ல் வந்த டி3500-க்கும் படத்தின் தரத்தில் சொல்லும்படியான வேறுபாடு கிடையாது. இரண்டிலும் 24.2 மெகாபிக்சல் சென்சார்தான், விநாடிக்கு 5 படங்கள்தான். ஒரே லென்ஸை மாட்டி எடுத்த இரு படங்களை அச்சிட்டு என் கையில் கொடுத்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. டி5600-க்கு நீங்கள் கூடுதலாகத் தருவது 39 ஃபோகஸ் புள்ளிகளுக்காக (கேமரா தெளிவைப் பிடிக்கப் பயன்படுத்தும் இடங்கள், டி3500-ல் 11), வெளியே திருப்பக்கூடிய தொடுதிரைக்காக, வைஃபைக்காக, தனி மைக் செருகும் வசதிக்காக. பேட்டரி விஷயத்தில் டி3500 முந்துகிறது: ஒரே வகைப் பேட்டரியில் அது ஏறத்தாழ 1,550 படங்கள் எடுக்கும், மற்றது 970.

தொடுதிரைதான் பலரையும் மயக்குகிறது. தரையில் தவழ்ந்து விளையாடும் பிள்ளையைக் குனியாமலே எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது இந்தக் கேமராக்கள் ஃபோகஸ் செய்யும் முறையே வேறு. வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் சிறு சாளரம்) வழியாக எடுப்பதைவிட அது வெகுவாகத் தாமதமாகும். நீங்கள் திரையில் விரல் வைத்து, அது தேடிப் பிடித்து முடிப்பதற்குள் உங்கள் மகன் அடுத்த அறைக்குப் போயிருப்பான். அந்த 39 புள்ளிகளும் வியூஃபைண்டரில் கண் வைத்தால்தான் வேலை செய்யும். அங்கே டி5600 மேல் என்பதை மறைக்க மாட்டேன். பூங்காவில் ஓடும் பிள்ளையைத் தொடர்ந்து எடுப்பதே முதன்மை நோக்கமென்றால் என் பதில் மாறியிருக்கும். வீட்டுக்குள் நடுப் புள்ளி ஒன்றே போதும்: அதைக் குழந்தையின் கண்மேல் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தப் பழகுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் வெளிச்சம். 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பிக் காட்சியை நெருக்கினால், அதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, 5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது). 35 மி.மீ. லென்ஸோ 1.8 வரை திறக்கும். உள்ளே வரும் ஒளி ஒன்பது மடங்குக்கும் அதிகம். விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்துக் கலங்கிய அதே படத்தை, 1/250 விநாடியில் அசையாமல் பிடித்துவிடலாம். கார்த்திகையன்று பால்கனியில் விளக்கேற்றும் மகளை ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். முகம் வெளுத்துப்போய், விளக்கொளி இருந்த சுவடே இருக்காது. 1.8-ல் அந்த மஞ்சள் ஒளியே முகத்துக்குப் போதும். ஒன்று மட்டும், 1.8-ல் மிக நெருங்கி எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழும், 2.5 அளவுக்கு மூடிக்கொள்ளுங்கள்.

50 மி.மீ. ஏன் கூடாது என்று கேட்பீர்கள். மும்பை வீட்டின் அளவுதான் காரணம். பத்தடி தள்ளி, சுவரில் முதுகு பட நின்றாலும், இந்தக் கேமராக்களில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுவது ஐந்தடிக்கும் குறைவான அகலம்தான். பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் நான்கு பேரில் இருவர் வெளியே போய்விடுவார்கள். 35 மி.மீ.யில் ஆறே முக்கால் அடி கிடைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. விலை மலிவு என்று பழைய 50 மி.மீ. 1.8 'டி' லென்ஸை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இந்த இரு கேமராக்களுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், அதைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் மேல் ஏ.எஃப்.-எஸ் அல்லது ஏ.எஃப்.-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மேடைக்குத் தள்ளியிருந்து எடுக்கும் மகளின் அரங்கேற்றத்துக்கு 18-55, 35 மி.மீ. இரண்டு லென்ஸும் எட்டாது. அந்த ஒரு நாளுக்கு 70-300 லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மாடல்களும் இப்போது தயாரிப்பில் இல்லை என்பதால், கையில் வருவதைச் சோதித்தே வாங்க வேண்டும். ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பை ஷட்டர் எண்ணிக்கை (கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) காட்டும் செயலியில் பாருங்கள். முப்பதாயிரத்துக்குள் இருந்தால் நல்லது. பிறகு லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறம் வழியே பாருங்கள். இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் என் லென்ஸ் ஒன்றைத் தோல் உறையோடு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். செப்டம்பரில் எடுத்தபோது கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி இழைபோல் வெள்ளைப் பூஞ்சை கிளைவிட்டிருந்தது. அப்படி ஓர் இழை தெரிந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.

வாங்கியதை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடும் சிறிய ஈரப்பதமானியோடும் வையுங்கள். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அவற்றில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் சேர்ந்திருப்பதால், சமையல் வாணலியில் மட்டும் வறுக்காதீர்கள்.