ஓகே எங்கே பிறந்தது?

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ‘ஓகே’ பற்றியவை. பல வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

சுன்னாகம், உயர்தர மாணவி: சேர், ஓகே எதன் சுருக்கம்?

பிள்ளை, ‘ஓல் கொரெக்ட்’ (all correct, எல்லாம் சரி) என்பதைப் பிழையாக oll korrect என்று எழுதி எடுத்த சுருக்கம். 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பத்திரிகைக்காரருக்கு ஒரு விளையாட்டு: வேண்டுமென்றே எழுத்துப்பிழை விட்டு, முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவது. முறைப்படி ஏ, சி என்று வரவேண்டியது ஓ, கே ஆனது. 1839 மார்ச் 23 ‘பொஸ்டன் மோர்னிங் போஸ்ட்’டில் வந்ததுதான் அறியப்பட்ட மிகப் பழைய அச்சுச் சான்று. எங்கள் உச்சரிப்பில் ‘ஓல்’ எப்படியும் ஓவில்தான் தொடங்கும். அதனால் பகிடியில் பாதி எங்களுக்கு விளங்காது.

கோப்பாய், வங்கி ஊழியர்: அந்த விளையாட்டில் பிறந்த மற்றவை எங்கே போயின?

‘ஓல் ரைட்’டுக்கு ஓ.டபிள்யூ. என்றும் போட்டார்கள். அது செத்தது. ஓகேயைக் காப்பாற்றியது தேர்தல். 1840இல் மீண்டும் போட்டியிட்ட ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், நியூயோர்க்கின் கிண்டர்ஹுக் ஊரவர். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று அழைத்து ஓகே கழகம் அமைத்தார்கள். எதிரணி சும்மா இருக்குமா? முன்னாள் ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, பிழையாக ஓகே என்று எழுதியவரே அவர்தான் என்று கதை கட்டியது. வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பிறகு தந்தி, ரயில்வேக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற தபாலதிபர்: அமெரிக்க மிஷனரிமார் கொண்டுவந்த சொல்லாக இருக்குமோ?

ஆசைப்படக்கூடிய கதைதான், ஐயா. அவர்களை அனுப்பிய சபையின் தலைமையகமும் பொஸ்டன்தான். ஆனால் அவர்கள் யாழ்ப்பாணம் வந்தது 1816இல், உங்கள் ஊரில் அவர்களின் உயர்கல்விக்கூடமான செமினரி தொடங்கியது 1823இல். சொல் பிறந்ததோ 1839இல். முதலில் வந்தவர்களின் பெட்டிக்குள் அது இருந்திருக்க முடியாது.

சாவகச்சேரி, கடை உரிமையாளர்: எங்கட ‘ஓம்’தான் ஓகே ஆனது என்று வட்ஸ்அப்பில் வருகிறதே, மாஸ்டர்?

வரும், தம்பி. கிரேக்கர் ‘ஓலா கலா’ என்பார்கள். ஜனாதிபதி வூட்ரோ வில்சன் செவ்விந்தியரின் சொக்டோ மொழிச் சொல் என்று நம்பி ‘ஓகெ’ என்றே எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘பூச்சியம் பேர் பலி’ (0 killed) என்பதை 0 K என்று சுருக்கி எழுதிய பலகையிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அந்தப் போர் தொடங்கியதே 1861இல். கொலம்பியா பல்கலைக்கழகத்து அலன் வோக்கர் ரீட் 1960களில் பழைய பத்திரிகைகளைக் கிண்டி 1839ஐக் காட்டினார். ஒலி ஒத்துப்போனால் போதாது, எழுதிய தாள் வேண்டும். ஓமை விடுங்கோ, அது தன்பாட்டில் நல்லாய்த்தான் இருக்கிறது.

நல்லூர், இல்லத்தரசி: கனடாவில் இருக்கும் மகன் என் நீண்ட செய்திக்கு வெறும் ‘கே’ போடுகிறான். கோபமா?

சோம்பலாகவும் இருக்கலாம், அம்மா. ஆனால் இளையவர் பலர் அந்த ஒற்றை எழுத்தை வெடுக்கென்ற பதிலாகத்தான் எடுப்பார்கள். ஓகேயின் பொருள் தொனியில்தான் இருக்கிறது. ‘படம் ஓகே’ என்றால் சுமார். ‘மனேஜர் ஓகே பண்ணிவிட்டார்’ என்றால் அனுமதி. ‘ஓகே, தொடங்குவமா?’ என்னும்போது அது சம்மதமும் இல்லை, கவனத்தைத் திருப்பும் வெறும் கைதட்டல்.

பருத்தித்துறை, சுழியோடப் பழகுபவர்: தண்ணீருக்குள் பெருவிரலைக் காட்டினால் ஓகேயா?

இல்லவே இல்லை. அது ‘மேலே போவோம்’. ஓகேக்குப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். அதே வளையத்தைப் பிரேசிலில் கரையில் நின்று காட்டிவிடாதீர்கள், அங்கே அது கெட்ட சைகை.