நஞ்சுக்கொடி எடுத்த பிறகு விட்டு விட்டு வரும் காய்ச்சல்

கன்று வீசிய (கருச்சிதைவான) மாட்டுக்குக் கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடி எடுத்து 3 வாரம் ஆகிறது, சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் சட்டை நனைய வியர்வை, இடுப்பு வலி, டைபாய்டு மாத்திரையும் கேட்கவில்லை என்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது புரூசெல்லா, மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

நீங்கள் செய்யும் வேலையையும் அந்த மாட்டையும் பற்றி மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பதில்லை. (மாட்டு வைத்தியத்தில், மாட்டைக் கொண்டுவருபவரிடம் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்!) எதிர்ப்பொருள் பரிசோதனையோடு ரத்தக் கல்ச்சரும் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுப்பார்கள். அந்தச் சீட்டில் புரூசெல்லா சந்தேகம் என்று எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் கல்ச்சரைக் கையாளும் ஆய்வகக்காரருக்கே இது காற்றில் தொற்றும். லெப்டோ, கியூ காய்ச்சல் இரண்டும்கூட மாட்டிலிருந்து தொற்றுபவை, அவற்றையும் பார்க்கச் சொல்வது நல்லது.

உறுதியானால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு இன்னொரு மருந்தும் சேர்த்துக் குறைந்தது 6 வாரம். காய்ச்சல் அதற்கு வெகு முன்பே விட்டுவிடும். அங்கேதான் பலர் நிறுத்திவிட்டு மறுபடி படுக்கிறார்கள்.

அப்புறம், கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்19 (புரூசெல்லா தடுப்பூசி) போடும்போது ஊசி கையில் குத்தியதா? அது உயிருள்ள தடுப்பூசி, அதிலிருந்தும் நோய் வரும். குத்தியிருந்தால் அதையும் மருத்துவரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள். கன்று வீசிய அந்த மாட்டின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்புங்கள், பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.