நூற்பாலையிலிருந்து விண்வெளிக்கு

கேள்வி: விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரெஷ்கோவா விமானியே இல்லையாமே, பின் எப்படித் தேர்வானார்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்த அவருக்குக் கைகொடுத்தது, ஓய்வு நேரத்தில் பறத்தல் கழகத்தில் கற்ற பாராசூட் குதிப்புதான். அவர் சென்ற சோவியத் விண்கலமான வஸ்தோக்குக்கு மெதுவாகத் தரையிறங்கும் வசதி கிடையாது. பல கிலோமீட்டர் உயரத்திலேயே இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனி பாராசூட்டில் இறங்கியாக வேண்டும். கலமோ பெரும்பாலும் தானியங்கி. எனவே, விமானம் ஓட்டத் தெரிந்தவரைவிடக் குதிக்கத் தெரிந்தவரே 1962இல் தேவைப்பட்டார். டிராக்டர் ஓட்டுநராக இருந்து போரில் உயிரிழந்தவரின் மகள் என்பது சோவியத் அரசின் பிரசாரத்துக்கும் பொருந்தியது, அதை மறைப்பதற்கில்லை.

1963 ஜூன் 16 அன்று, 26 வயதில், ‘கடற்காகம்’ என்ற அழைப்புப் பெயருடன் வஸ்தோக் 6இல் தனியாகப் புறப்பட்டவர், ஏறக்குறைய 71 மணி நேரத்தில் பூமியை 48 முறை சுற்றினார். அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்குரியில் பறந்த ஆறு வீரர்களும் சேர்ந்தே அதுவரை அவ்வளவு நேரம் விண்ணில் இருந்ததில்லை. பற்பசை இருந்தது, பல் துலக்கும் பிரஷ்ஷை வைக்க மறந்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே சிரித்தபடி சொன்னதுண்டு. சிரிக்க முடியாத பிழை வேறொன்று: கலத்தைக் கீழிறக்குவதற்குப் பதிலாக மேலே தள்ளும்படி அதன் திசையமைப்பு இருந்தது. அவர் அதைக் கவனித்துச் சொன்ன பிறகே திருத்தம் அனுப்பப்பட்டது. சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளர் கொரொலியோவ் கேட்டுக்கொண்டதால் பல பத்தாண்டுகள் அவர் அதை வெளியே சொல்லவில்லை.

அடுத்த பெண்ணான ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா விண்ணுக்குப் போனது 1982இல்தான்.