குறைந்த கட்டணம், குறைந்த கழிவு: இரண்டையும் ஒரே மருத்துவமனை செய்ய முடியுமா?

"ஏழைக்கும் கட்டுப்படியாகும் மருத்துவம், கழிவைக் குறைப்பது, சுற்றுச்சூழலைக் காப்பது, இந்த மூன்றையும் ஒரு நிர்வாகம் சேர்த்துச் செய்ய முடியுமா? ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுத்தானே ஆகவேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடவேண்டியதில்லை. மருத்துவமனைக்குள் இவை மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் வருகின்றன. நான் தனியார் மருத்துவமனைகளில் ஸ்டோர், கொள்முதல் பக்கம் வேலை பார்ப்பவன். திறக்காமலே தூக்கிப்போடும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நோயாளியின் பில்லில் ஒரு வரி இருக்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். ஆகவே பொதுவாகப் பேசாமல், நம் ஊரிலேயே இருக்கும் ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்தக் கைகளாலேயே ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகள் செய்தவர். பணம் கட்டுபவரிடம் வாங்கி, கட்ட முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்வது அங்கே முறை. இந்தக் கதை பலருக்கும் தெரியும். நிர்வாகம் படிப்பவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி அறுவை அரங்குக்குள் இருக்கிறது.

அரவிந்தில் செய்யும், மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறைக் கண்புரை அறுவையின் கழிவையும் கரியமில வாயுவையும் அளந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. ஓர் அறுவைக்குச் சுமார் 250 கிராம் கழிவு, ஏறத்தாழ 6 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் உமிழ்வில் இது சுமார் 5 சதவீதம்தான். சிகிச்சையின் பலனோ ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது.

எப்படி முடிகிறது? அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார்படுத்திவிடுவார்கள். மருத்துவர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போவார். கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பெண்கள்தான் மற்ற வேலைகளை எல்லாம் சுமக்கிறார்கள். உலோகக் கருவிகளைக் குறுகிய நேர நீராவிச் சுழற்சியில் சுத்திகரித்து உடனே திரும்பக் கொண்டுவருகிறார்கள். நோயாளிமேல் விரிக்கும் டிரேப், கவுன் எல்லாம் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி. கண் சொட்டு மருந்து பாட்டில் ஒரே நோயாளியோடு குப்பைக்குப் போவதில்லை. இத்தனையும் எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். நாளுக்கு மூன்று அறுவை நடக்கும் இடத்தில் ஆட்டோகிளேவை (நீராவியால் கருவிகளைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) ஓட்டுவதைவிட, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள் அடங்கிய கிட்டை வாங்குவது மேலாளருக்கு எளிது. அதிக நோயாளிகள் வருவதும் கழிவு குறைவதும் அங்கே கைகோத்து நடக்கின்றன.

லென்ஸ் கதையும் இதன் ஒரு பாதிதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி 100 டாலர் அளவில் விற்ற காலம் அது. 1992-ல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவாக ஆரோலேப் தொடங்கி, அதை 10 டாலர் அளவுக்கு மதுரையிலேயே செய்துகாட்டினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. லென்ஸின் விலை இறங்காமல் இருந்திருந்தால் அரங்கில் எவ்வளவு சிக்கனம் பிடித்தும் ஏழை நோயாளிக்கு அது எட்டியிருக்காது.

"திரும்பப் பயன்படுத்தினால் தொற்று வராதா?" என்ற கேள்வி உடனே வரும், வரத்தான் வேண்டும். கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் எண்டாப்தால்மைடிஸ் பார்வையையே பறித்துவிடக்கூடியது. அரவிந்த் மருத்துவமனைகளில் 2014 முதல் 2016 வரை நடந்த சுமார் 6 லட்சம் கண்புரை அறுவைகளின் கணக்கு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அறுவை முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தாதவர்களில் தொற்று 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். இந்த எண்கள் இல்லாமல் வெறும் சிக்கனத்தை மட்டும் பேசியிருந்தால் நானே எதிர்த்திருப்பேன். ஒவ்வொரு தொற்றையும் எண்ணி எழுதி வைத்ததால்தான் அவர்களால் துணிந்து திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் நான்கு அறுவை மையங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். கண்புரை அறுவைக்காகத் திறந்த மருந்தில் அளவுப்படி சுமார் 45 சதவீதம் பயன்படாமலே குப்பைக்குப் போயிருக்கிறது. சொட்டு மருந்தில் மட்டும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே யாரும் ஊதாரிகள் இல்லை. விதி அப்படி, ஆடிட் அப்படி, வழக்குப் பயம் அப்படி.

இங்கேதான் உண்மையான நிர்வாகச் சவால் இருக்கிறது. நான் பார்த்தவரை மூன்று இடங்களில் முட்டுகிறது.

முதலாவது கையெழுத்து. "இதைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் முன்வருவதில்லை. தூக்கிப்போட யாருடைய அனுமதியும் தேவையில்லை, திரும்ப எடுக்கத்தான் பொறுப்பு ஏற்க வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவும் மருத்துவ இயக்குநரும் சேர்ந்து எந்தப் பொருள், எத்தனை முறை, எந்தச் சோதனைக்குப் பிறகு என்று எழுத்தில் கொடுக்காவிட்டால், தியேட்டர் (அறுவை அரங்கு) சிஸ்டர் பாவம், கழிவு போடும் மஞ்சள் பையைத்தான் திறப்பார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது கிட். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ரெடிமேட் சர்ஜிக்கல் கிட் வாங்கினோம். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. ஆனால் உள்ளே இருக்கும் சில பொருட்கள் எங்கள் சர்ஜன் யாரும் தொடாதவை. கிட்டைத் திறந்ததும் அவையும் கழிவுதான். ஒவ்வொரு சர்ஜனுக்கும் வேறு வேறு தையல் நூல், வேறு வேறு பிராண்ட். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்திருந்தால் ஒருபக்கம் எக்ஸ்பயரி ஆகிக்கொண்டே இருக்கும். தீர்வு பெரிய ஞானம் எதுவுமில்லை. ஒரே அறுவைக்கு ஒவ்வொரு மருத்துவருக்கும் ஆகும் பொருட்செலவைப் பெயர் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவர்கள் கூட்டத்தில் வைத்தோம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் அவர்களாகவே சுருங்கியது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. உயிர்மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்து, 48 மணி நேரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தைப் பல இடங்களில் படுக்கை எண்ணிக்கைப்படிதான் வாங்குகிறார்கள். கழிவை நீங்கள் பாதியாகக் குறைத்தாலும் அந்த பில் குறையாது! அதனால் "கழிவைக் குறைத்தால் செலவு மிச்சம்" என்று நிர்வாகத்திடம் போனால் கணக்காளர் தலையாட்ட மாட்டார். மிச்சம் கொள்முதலில்தான் தெரியும், வாங்காத கிட்டில், திறக்காத பாட்டிலில். கழிவு, கொள்முதல் என்ற அந்த இரண்டு கணக்கையும் ஒரே ஆள் பார்க்கும்படி வைப்பதுதான் என் பார்வையில் முதல் வேலை. தனியாக ஒரு பசுமைக் குழு அமைத்து, மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஊசி, சிரிஞ்ச் போன்றவற்றில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் அந்த வழியாகப் பரவக்கூடியவை. திரும்பப் பயன்படுத்துவதற்கும் விலை உண்டு: அரவிந்த் ஆய்விலேயே உமிழ்வின் பெரும்பகுதி கருவிகளைச் சுத்திகரிப்பதில்தான் வந்தது. அங்கே சிக்கனம் வேண்டுமென்றால் ஆட்டோகிளேவைப் பாதி காலியாக ஓட்டாமல் இருப்பது, சூரிய மின்சாரம் என்று போகவேண்டும்.

கண் மருத்துவம் தவிர டயாலிசிஸைப் பாருங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி திரவம், நான்கு மணி நேரம் என்றால் ஒருவருக்கு ஒரு முறைக்கு 120 லிட்டர். அதற்கான சுத்த நீரைத் தயாரிக்கும்போது ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீர் வேறு. அது நோயாளியின் உடலைத் தொடாத தண்ணீர், கொஞ்சம் உப்பு கூடியது, அவ்வளவே. கழிப்பறைக்கும் தரை கழுவவும் குழாய் போட்டுத் திருப்பலாம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

இதை ஒட்டி நீங்கள் புராஜெக்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் இயக்குநர் அறைக்கு முதலில் போகாதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு தியேட்டர் வாசலில் ஒரு தராசோடு உட்காருங்கள். ஒரே வகை அறுவையை எடுத்துக்கொண்டு, திறந்தும் பயன்படாத பொருட்களை மட்டும் தனியாக எழுதுங்கள், பக்கத்தில் ஸ்டோரின் வாங்கிய விலை. இரவு ஷிப்டையும் விடாதீர்கள், ஆள் குறைவான நேரத்தில்தான் சிவப்புப் பையும் மஞ்சள் பையும் கலக்கும். அந்தத் தாளோடு அதன்பிறகு இயக்குநரைப் பாருங்கள்.